நம் இணையதளம் படுத்தது, எழுந்தது

2024 ஆவணியில் நம் சங்கத்தின் இணையதளம் ஆறு நாட்கள் படுத்துக் கிடந்தது பலருக்கும் நினைவிருக்கும். “என்ன ஆச்சு?” என்று மாட்டுங்கா, சயான், செம்பூர், டோம்பிவிலி என எல்லாத் திசைகளிலிருந்தும் தொலைபேசி வந்தது. அந்தக் காரியத்தைச் செய்தவன் நான்தான். ஆகவே நடந்ததை நானே எழுதுவதுதான் முறை. வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற தைரியத்தில் இறங்கிவிட்டேன். உங்கள் வீட்டில் யாராவது கடைக்கோ, பஜனை மண்டலிக்கோ தளம் நடத்தினால் அவர்களுக்கும் இது பயன்படலாம்.

தளம் போனால் என்ன, நிகழ்ச்சி அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறதே என்று புதிய உறுப்பினர்கள் கேட்கலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று நம் தரைத்தள அறையில் இருந்த பழைய இதழ்க் கட்டுகள் எல்லாம் கூழாகிவிட்டன. அதன்பின் உறுப்பினர்கள் வீடுகளில் கிடைத்த இதழ்களை இரவல் வாங்கி, மூன்று இளைஞர்கள் இரவெல்லாம் தட்டச்சு செய்து, 2006ல் தளத்தில் ஏற்றினார்கள். இரவல் கொடுத்தவர்களில் பலர் இன்று இல்லை. அந்த வீடுகளும் கைமாறிவிட்டன. பல கட்டுரைகளுக்குத் தளத்தில் இருப்பதுதான் ஒரே பிரதி.

தளம் எப்படி இயங்குகிறது?

நம் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகிறது. 2003ல் வெளிவந்த இலவச மென்பொருள் இது. கட்டுரையை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கமாக்கித் தந்துவிடும். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, மென்பொருளும் படங்களும் இருக்கும் கோப்புகள். மற்றது, எழுத்துக்கள் யாவும் இருக்கும் தரவுத்தளம். முன்னது வீடு என்றால், பின்னது பத்திரங்கள் இருக்கும் பீரோ. இவை தவிர, மென்பொருள் ஓடுவதற்கு பிஹெச்பி என்ற கணினி மொழி வேண்டும்.

நம் தளம் பல வருடங்களாகப் பிஹெச்பி 5.6ல் ஓடிக்கொண்டிருந்தது. 2018 முடிவோடு அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. தளத்துக்கு இடம் தரும் நிறுவனம், “இனி 8ம் பதிப்புதான், தேதிக்குள் மாறிக்கொள்ளுங்கள்” என்று கடிதம் அனுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோப்புகளை எல்லாம் நகல் எடுத்துவிட்டு, புதிய வேர்ட்பிரஸை ஏற்றினேன். கவனியுங்கள், கோப்புகளை மட்டும்தான் நகல் எடுத்தேன். வீட்டைப் பத்திரப்படுத்தியவன் பீரோவை மறந்துவிட்டேன்.

முதல் கோளாறு

தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: தளத்தில் கடுமையான பிழை. 2019ல் வந்த 5.2 பதிப்பு முதல், இப்படி நேர்ந்தால் வேர்ட்பிரஸ் நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பி, உள்ளே நுழைய ஒரு வழியும் தரும். நமக்கும் அனுப்பித்தான் இருந்தது. ஆனால் யாருக்கு? ஓய்வு பெற்றுக் கோவைக்குப் போய்விட்ட முன்னாள் செயலாளருக்கு. அவருக்கோ அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்தே போயிற்று!

இந்த நிலையில் ஊகத்தில் எதையும் மாற்றக் கூடாது. பிழைப் பதிவேடு என்று ஒரு கோப்பு இருக்கும். எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் இடறியது என்று அதில் எழுதியிருக்கும். நம் பதிவேடு காட்டியது, “இதுவரை வந்தவர்கள் இத்தனை பேர்” என்று எண்ணிச் சொல்லும் ஒரு பழைய இணைப்பு நிரலை. தரவுத்தளத்தோடு பேச அது பயன்படுத்திய பழைய கட்டளைகள், 2015ல் வந்த பிஹெச்பி 7லேயே நீக்கப்பட்டவை. பதிவேடு கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. ‘ப்ளகின்ஸ்’ என்ற கோப்புறையின் பெயரை மாற்றினால் எல்லா இணைப்பு நிரல்களும் ஓய்ந்துவிடும். தளம் எழுந்ததும் பழைய பெயரையே வைத்து, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான்.

இரண்டாம் கோளாறு

தளம் எழுந்தது. ஆனால் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. கட்டுரைகள் எல்லாம் கொம்பும் கோடும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்களாகத் தெரிந்தன. என் கை நடுங்கியது என்று எழுத வெட்கப்படவில்லை. “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாமா அங்கிள்?” என்று உதவிக்கு வந்த பையன் கேட்டான். நல்லவேளை, தடுத்துவிட்டேன்.

காரணம் இதுதான். கணினிக்கு எழுத்து தெரியாது, பைட் என்னும் எண்கள்தான் தெரியும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். ‘அம்மா’ என்பதில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். ஆக 15 பைட்டுகள். ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 முறையில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட்தான். 2006ல் நம் தரவுத்தளம் லத்தீன்-1 என்ற பெயர்ப்பலகையோடு அமைந்துவிட்டது. பழைய வேர்ட்பிரஸ் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் தமிழ் பைட்டுகளை அப்படியே வைத்து, அப்படியே எடுத்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் அமைப்புக் கோப்பையும் புதிதாக வைத்தேன். அதில் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி இருந்தது. உடனே தரவுத்தளம், ‘என்னிடம் இருப்பது லத்தீன், மொழிமாற்றித் தருகிறேன்’ என்று ‘அம்மா’வைப் 15 ஐரோப்பிய எழுத்துக்களாக நீட்டியது.

கிறுக்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பைட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. கேள்விக்குறிகளாகத் தெரிந்தால்தான் கவலை. லத்தீன் பெட்டிக்குள் நிஜமான தமிழ் எழுத்தைத் திணிக்கும்போது, இடம் இல்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி பதிவாகிவிடும். அதிலிருந்து எழுத்தை மீட்க முடியாது.

அந்த வரியை லத்தீன்-1 என்று மாற்றியதும் தமிழ் திரும்பியது. இது தற்காலிகம்தான். பிறகு தரவுத்தளத்தை நகல் எடுத்து, அந்த நகலில் வேலை செய்தோம். எழுத்துப் பத்திகளை முதலில் வெறும் பைனரி என்று மாற்றி, அதன்பின் யூடிஎஃப்-8 என்று மாற்ற வேண்டும். நேராக மாற்றினால் கிறுக்கலே நிரந்தரமாகிவிடும். நடுவில் பைனரி ஆக்கும்போது பைட்டுகள் அசையாமல் பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறது. நகலில் சரியாக வந்ததைப் பார்த்த பிறகே உண்மைத் தளத்தில் செய்தோம்.

இனி செய்ய வேண்டியவை

கோப்பு, தரவுத்தளம் இரண்டையும் நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே புதிய பதிப்பை ஏற்ற வேண்டும். முதலில் நகல் தளத்தில் ஒத்திகை பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். செய்ததை நோட்டில் குறிக்க வேண்டும். கோளாறு தீரும்வரை யாரும் தளத்தில் எழுதக் கூடாது. நிர்வாகி மின்னஞ்சல், பொறுப்பில் இருக்கும் இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவதை அன்று நான் யாருக்கும் சொல்லாமல் விட்டேன். செயற்குழு நண்பர் ஒருவர், கிறுக்கலைப் பொறுக்கமாட்டாமல், நல்லெண்ணத்தில் ஒரு கட்டுரையின் முதல் பத்தியை நினைவிலிருந்து தமிழில் அடித்துச் சேமித்துவிட்டார். அது முழுதும் கேள்விக்குறிகளாகிவிட்டது. 1987 பொங்கல் மலரில், அமரரான நம் மூத்த உறுப்பினர் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி தாராவிக்கு வந்த முதல் நாளைப் பற்றி எழுதியது. மற்ற பத்திகள் பிழைத்தன. அவர் வந்து இறங்கிய அந்தக் காலை மட்டும் இல்லை.

அந்த மலர் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கக்கூடும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது தயவுசெய்து பாருங்கள். கிடைத்தால் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து, உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பிரதி எடுத்துக்கொண்டு போகிறேன்.