ரிவர்ஸ் போட்டால்தான் சாவி வரும்!

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், பாரம் ஏற்றிய லாரி வேகமெடுக்கும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்குமே, அது எதிலிருந்து வருகிறது தெரியுமா நேயர்களே?

டர்போவிலிருந்து! வீணாக வெளியேறும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது.

குடும்பக் காரில் இதை வைத்து அசத்தியவை ஸ்வீடனின் சாப், வால்வோ கார் நிறுவனங்கள். 1979 ஸ்வீடன் ராலியில், பனிப்பாதையில் சாப் டர்போ ஜெயித்தது. உலக ராலிப் போட்டிகளில் டர்போ காருக்கு அதுவே முதல் வெற்றி. செங்கல் போலச் சதுரமான வால்வோ, 1985-இல் ஐரோப்பிய டூரிங் கார் பட்டத்தையே தட்டிச் சென்றது.

பழைய கார் பிரியர்களுக்கு இரண்டுமே பொக்கிஷம். ஆனாலும் சாப் ஒரு படி மேல்தான். அதில் சாவி போடும் இடம் ஸ்டியரிங் பக்கத்தில் இல்லை, முன் இருக்கைகளுக்கு நடுவே! ரிவர்ஸ் கியர் போட்டால்தான் சாவியை உருவவே முடியும்.