பெல்ட்டர் நாற்காலிதானா? முதுகைத் திருப்பிப் பாருங்கள்

1850-களில் அமெரிக்கச் செல்வந்தர் வீட்டு வரவேற்பறைகளில் கோலோச்சியவை செதுக்கு வேலை மிகுந்த ரோஸ்வுட் சோபாக்களும் நாற்காலிகளும். சாய்மானம் முழுக்கத் திராட்சைக் குலை, ரோஜா, கொடி என்று ஊடுருவக் குடைந்திருப்பார்கள். மரம் பிரேசிலுடையது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டியும் அதுவும் டால்பெர்ஜியா என்ற ஒரே பேரினம். அப்படி ஒன்று இன்று விற்பனைக்கு வந்தால் உடனே சொல்லப்படும் பெயர் ஜான் ஹென்றி பெல்ட்டர். பூவேலையை மட்டும் பார்த்து அந்தப் பெயரைச் சொல்வது அவசரம் என்பேன். பூவும் கொடியும் அக்காலத்துப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் பொதுச்சொத்து.

ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் பட்டறை வைத்தவர் பெல்ட்டர். கட்டை மரத்தை இவ்வளவு நுணுக்கமாகக் குடைந்தால் இழையோட்டத்தில் பிளந்துவிடும். அதனால் மெல்லிய தகடுகளை, பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வரை, ஒன்றின் இழை நெடுக்கிலும் அடுத்ததன் இழை குறுக்கிலுமாக அடுக்கி, வஜ்ஜிரம் தடவி, அச்சில் இறுக்கி வளைத்தார். அதற்குப் பிறகுதான் வாளும் உளியும். புடைத்து நிற்கும் பூக்களுக்கு மட்டும் தனிக் கட்டைகளை ஒட்டிச் செதுக்கினார்கள். 1858-இல் அவர் பெற்ற காப்புரிமை, சாய்மானத்தைக் கிண்ணம்போல் இரு திசையிலும் குழிவாக்கும் முறைக்கானது. ஓரம் சரித்து அறுத்த தகடுகளைப் பீப்பாய்ப் பலகைகள்போல் பக்கம் பக்கமாகச் சேர்த்தால்தான் அந்தக் குழிவு வரும்.

நாற்காலியைத் திருப்பினால், பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய இணைப்புக் கோடுகள் தெரியும். குடைந்த ஓட்டையின் விளிம்பை விளக்கொளியில் பார்த்தால் வெளுப்பும் கறுப்புமாக அடுக்குகளை எண்ணலாம்.

அடுக்கு இருந்தாலே பெல்ட்டர் ஆகிவிடாது. மற்றொரு பட்டறைக்காரரான சார்லஸ் போதுவீன் சாய்மானத்தை இரண்டு பாதியாகச் செய்து நடுவில் இணைத்தார் என்று அவரிடம் வேலை பார்த்த தச்சர் எர்னஸ்ட் ஹேகன் எழுதி வைத்திருக்கிறார். மீக்ஸ் பட்டறையும் அடுக்கு வேலை செய்தது. அதற்கு நல்ல சாட்சி ஒரு கல்யாணச் சீர்: 1859-இல் ஜான் மீக்ஸ் தன் மகளுக்குக் கொடுத்த இருக்கைகள் அவள் புகுந்த ஹாக்கின்ஸ் குடும்பத்திலேயே தங்கிவிட்டன. அந்த வடிவம் எங்கே தென்பட்டாலும் இன்று 'ஹாக்கின்ஸ்' என்று சொல்லி மீக்ஸ் கணக்கில் சேர்க்கிறார்கள்.

பெல்ட்டர் பெயர் பொறித்தவை அரிது. சில கட்டில்களில் 1856 ஆகஸ்ட் 19 என்ற காப்புரிமை நாளோடு அவர் முத்திரை இருக்கும். முத்திரையோ பழைய ரசீதோ, வீட்டு வழி வரலாறோ இல்லாத உருப்படியை விற்பவர் 'பெல்ட்டர் செய்தது' என்றால், 'பெல்ட்டருடையதாகக் கருதப்படுவது' என்று சீட்டில் திருத்தி எழுதச் சொல்லுங்கள். விலையையும் அதற்கேற்பப் பேசுங்கள்.