தாமதம் பொறுக்காத குரல்

தொலைபேசியில் இருவர் பேசத் தொடங்கியதும் ஒரு மின்பாதை அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டு, அவர்கள் வார்த்தை தேடி மௌனமாயிருக்கும் விநாடிகளிலும் வேறெவருக்கும் இடங்கொடாமல் காத்துக் கிடப்பது, நெடுங்காலம் தொலைபேசி இலாகாக்களின் மாறாத கிரமமாக இருந்து வந்தது. இன்று வாட்ஸப்பில் பேசினாலும், 4ஜி வலைப்பின்னல் வழியே சாதாரணமாக ஓர் எண்ணை அழைத்தாலும், அத்தகைய தனிப்பாதை எதுவும் நமக்காக விரிக்கப்படுவதில்லை. படங்களையும் கடிதங்களையும் சுமந்து செல்லும் அதே முறையில் நம் குரலும் சிறு சிறு துண்டுகளாகப் பிரயாணம் செய்கிறது.

அதற்கு முதலில் குரல் எண்களாக வேண்டும். பழைய தொலைபேசி கொண்டு சென்ற குரலில் விநாடிக்கு ஏறக்குறைய 3,400-க்கு மேற்பட்ட அதிர்வுகள் இல்லையாதலால், அதன் இரு மடங்குக்குச் சற்று அதிகமாக, அதாவது விநாடிக்கு 8,000 முறை, சப்த அலையின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டால் குரலை அதிலிருந்து மீண்டும் எழுப்பிவிடலாம். 1937-இல், பாரிஸில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் குரலை எண்ணாக்கும் இந்த யுக்தியைக் கண்டபோது, அதை மலிவாக நிறைவேற்றும் சாதனங்கள் உலகில் இல்லை. அளவு ஒன்றுக்கு 8 பிட் வீதம் விநாடிக்கு 64,000 பிட்டுகள் சேர, அவற்றை 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல் அடங்கும். விலாசம், வரிசை எண், நேரக்குறிப்பு முதலியவை 40 பைட்டாக அதன்மேல் ஏறும். கோடெக் எனப்படும் இன்றைய குறியாக்க முறைகள் குரலை இன்னும் வெகுவாகச் சுருக்கிவிடுகின்றன.

பொட்டலங்களோ வழியில் முந்தலாம், பிந்தலாம், தொலைந்தும் போகலாம். கடிதமானால் தொலைந்த துண்டை மறுபடியும் அனுப்பச் சொல்லிக் காத்திருப்பதே நியாயம். குரலுக்கு அந்த நியாயம் செல்லாது. தாளம் கடந்தபின் விழுந்த மிருதங்கச் சொல் எவ்வளவு சுத்தமாயிருந்தும் கச்சேரிக்கு உதவாததுபோல, காலம் தவறி வந்த குரல்துண்டு வராததற்கே சமானம். இந்த உண்மையை ஐயமின்றி உணர்ந்தவர் டேனி கோஹன். 1974-இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்துக்கும் மாசசூசெட்ஸிலுள்ள லிங்கன் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே, அமெரிக்கக் கண்டத்தின் இரு கோடிகளை இணைத்து, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் மீது பேச்சை நடத்திக்காட்டிய குழுக்களில் அவர் பிரதானமானவர். பிழையின்மையைவிட உரிய நேரமே பெரிதென்று அவரும் அவரை ஒத்தவர்களும் வற்புறுத்தியதன் பயனாகவே, 1978-இல் இணையத்தின் ஒற்றை விதிமுறை இரண்டாகப் பிரிந்து, பொட்டலத்தைச் சுமப்பது ஐபி என்றும், தொலைந்ததைத் தேடித் தருவது டிசிபி என்றும் வேறாயின. காத்திருக்க முடியாதவற்றுக்கென யுடிபி என்ற எளிய வழி 1980-இல் வரையறுக்கப்பட்டது. நம் குரல் பெரும்பாலும் அதன்மீதே செல்கிறது. குரலை ஏற்றிச் செல்வதற்காகவும் இணையம் இவ்வாறு தன் அமைப்பையே மாற்றிக்கொண்டது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு தணிவதில்லை.

பெறும் முனையிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. ஒழுங்கற்று வரும் பொட்டலங்களைச் சில பத்து மில்லி விநாடிகள் தேக்கி வைத்து, வரிசைப்படுத்திச் சீராக ஒலிக்கவிடுகிறார்கள். அதிகம் தேக்கினால் ஒலி சுத்தமாகும், ஆனால் பேச்சு பின்தங்கும். குறைவாகத் தேக்கினால் பேச்சு விரையும், ஆனால் அறுபடும். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்கு 150 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் இடையூறில்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணிப்பு. அதை வெகுவாகத் தாண்டினால், இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். வராத துண்டின் இடத்தை, முந்திய துண்டின் சாயலையே நீட்டி நிரப்பிவிடுகிறார்கள்; ஒன்றிரண்டு துண்டுகள் வரையில் செவி அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஒரே கைப்பேசியில் ஒரு வகை அழைப்பு தெளிவாகவும் மற்றொரு வகை அறுந்து அறுந்தும் கேட்பதற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. 4ஜி வலைப்பின்னல் தன்னுடைய சொந்த அழைப்பின் பொட்டலங்களுக்கு முன்னுரிமையும் குறைந்தபட்ச வேகமும் ஒதுக்கித் தருகிறது. செயலி வழியே செல்லும் குரலோ, அதே கோபுரத்தின் நிழலில் யாரோ இறக்கிக்கொண்டிருக்கும் திரைப்படத்தோடு சேர்ந்து, பொதுவரிசையில் தன் முறைக்காக நிற்கிறது.