வேலையற்றோர்க்கு உதவிப்பணம்

திராட்சத் தோட்டத்து வேலையாட்களைப் பற்றிய உவமையை நம் கல்லூரி ஆலயத்தில் கேளாதார் சிலரே. பொழுது சாயும் வேளையிலும் கடைத்தெருவில் சும்மா நின்றவர்களை எஜமான் வினவியபோது, தங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்றே அவர்கள் விடையிறுத்தனர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், வேலை கிட்டாதவர்கள். இவ்விரு திறத்தாருக்கும் உள்ள வேற்றுமையை அரசாங்கங்கள் உணர நெடுங்காலம் சென்றது.

இங்கிலாந்தில் 1911-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற தேசியக் காப்புறுதிச் சட்டம், கப்பல் கட்டுதல், வீடு கட்டுதல், இயந்திரம் செய்தல் முதலிய சில தொழில்களில் உள்ளோர் வேலை இழப்பின், வாரத்திற்கு 7 ஷில்லிங் வீதம் ஓராண்டில் 15 வாரம் வரை கொடுக்க வழி செய்தது. தொழிலாளி, முதலாளி, அரசாங்கம் ஆகிய மூவரும் முன்னரே செலுத்திய பணம் அது. ஆகவே, அதனைப் பெற்றவன் இரந்து பெற்றவன் ஆகான். நம் நாட்டு அரசியலமைப்பின் 41-ஆம் உறுப்பும், வேலையின்மை, முதுமை, நோய் முதலிய இடுக்கண்களில் பொது உதவி கிடைக்க, அரசு தன் பொருள்வலிமைக்கு இயன்றவாறு வழி செய்தல் வேண்டும் என்கிறது.

இந்நெறி நம் பக்கத்தில் எங்ஙனம் நடைபெறுகின்றது? கலவையைச் சூழ்ந்த ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஆங்குப் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருப்போரும், இராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிலை நாடிச் செல்வோரும், வயல் வேலையையே நம்பியிருப்போரும் உளர். இம்மூவர்க்கும் வாயில்கள் வெவ்வேறு.

படித்தவர்க்குரியது, தமிழ்நாட்டு அரசு 2006-ல் தொடங்கிய உதவித்தொகை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து ஐந்தாண்டு காத்திருத்தல் வேண்டும்; குடும்ப வருமானம் ஆண்டிற்கு ரூ.72,000-க்கு மேற்படலாகாது. மாதந்தோறும், பத்தாம் வகுப்பில் தவறியவர்க்கு ரூ.200, தேறியவர்க்கு ரூ.300, மேல்நிலைக் கல்வி முடித்தவர்க்கு ரூ.400, பட்டதாரிக்கு ரூ.600 என்பது கணக்கு. மூன்றாண்டு வரை கிடைக்கும். பட்டதாரிக்கு நாளொன்றுக்கு ரூ.20 ஆகிறது. இது வாழ்க்கைக்குப் போதாது. விண்ணப்பச் செலவிற்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் ஓரளவு உதவலாம்.

தொழிற்சாலையில் உள்ளார்க்குரியது, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த ஈ.எஸ்.ஐ. காப்பீடு. நெடுங்காலம் அது நோய்க்கும் பேறுகாலத்திற்கும் விபத்திற்கும் உதவியதேயன்றி, வேலையிழப்பிற்கு உதவவில்லை. அக்குறையின் கொடுமையைப் பாலாற்றங்கரை 1996-ல் கண்டது. கழிவுநீரைத் தூய்மை செய்யாத தோல் தொழிற்சாலைகள் மூடப்படல் வேண்டும் என உச்சநீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஆறு நஞ்சாகாமற் காத்த அத்தீர்ப்பு வேண்டத்தக்கதே. ஆயினும், ஆலைக்கதவு அடைபட்டால் தொழிலாளி வீட்டு அடுப்பு எரிவதற்குக் காப்பீட்டில் அன்று இடமில்லை. 2005-ல்தான் ஆலைமூடல், ஆட்குறைப்பு ஆகியவற்றால் வேலை இழந்தோர்க்கு உதவி ஏற்பட்டது. 2018-ல் தொடங்கிய மற்றொரு திட்டம் 90 நாள் வரை சராசரி நாட்கூலியில் கால்பங்கு அளித்தது. கொள்ளைநோய் பரவிய 2020-ல் அஃது அரைப்பங்காக உயர்ந்தது. நாட்கூலி ரூ.500 எனின், அரைப்பங்கு ரூ.250, 90 நாட்களுக்கு ரூ.22,500. பட்டதாரி மூன்றாண்டிற் பெறும் ரூ.21,600-ஐ இது விஞ்சுகின்றது. சந்தா செலுத்திய உரிமைக்கும் அரசு மனமிரங்கித் தரும் தொகைக்கும் உள்ள வேற்றுமை இதனால் விளங்கும்.

வயல் வேலையாளர்க்கு 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு வாயில் திறந்தது. கேட்ட 15 நாளுள் வேலை தராவிடின், முதல் 30 நாட்களுக்குக் கூலியில் காற்பங்கேனும், பின்னர் அரைப்பங்கேனும் கொடுத்தல் வேண்டுமென்று அது விதித்தது. ஆனால், வேலை கேட்டதற்கு நாளிட்ட இரசீது கையில் இல்லாதவர் அத்தொகையைக் கேட்பது எளிதன்று.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். உதவி வறுமையைத் தேடி வருவதில்லை. பதிவேட்டில் உள்ள பெயரைத் தேடியே வருகிறது. ஆம்பூர்ப் பக்கத்தில், காலணியின் மேற்பகுதியை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஜோடிக் கணக்கில் தைத்துக் கொடுக்கும் பெண்டிர் பலர். தரகர் துண்டுகளைக் கொணராத வாரம் அவர்க்கு வேலையற்ற வாரமே. எனினும் ஆலைப் பேரேட்டில் அவர் பெயர் இல்லாமையால், காப்பீடு அவரை அறியாது. தோல் தொழிலாளர்க்கென அமைந்த நலவாரியம் கல்வி, திருமணம், ஓய்வூதியம் முதலியவற்றிற்கு உதவும். வேலையில்லாத வாரத்திற்கு அன்று.

நண்பர்களே, நம்மிற் பலர் அத்தகைய வீடுகளிலிருந்தே கல்லூரிக்கு வருகின்றோம். சட்டம் விரிவடையும்வரை நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விடுமுறையில் ஊர் செல்லும்போது, அண்டை வீட்டாரின் வேலைவாய்ப்புப் பதிவு உயிருடன் உள்ளதா, சந்தா பிடிக்கப்படுவோர்க்குக் காப்பீட்டு எண் உண்டா, நலவாரியத்திற் பெயர் சேர்ந்ததா எனக் கேட்டு எழுதித் தருவோமாக. உவமையில் வரும் எஜமான் கடைத்தெருவிற்குத் தானே சென்று, நின்றவர்களைக் கண்டு கேட்டான். அக்கேள்வியைக் கேட்பதற்கேனும் நாம் கற்ற எழுத்து பயன்படல் வேண்டாவோ?