வடக்குக் கோபுரத்து ஆசாரிகள்

கிருஷ்ணதேவராயர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்த சிதம்பரம் நடராசர் கோயிலின் வடக்குக் கோபுர வாயிலில், கட்டிய ஆசாரிகள் சிலரின் உருவங்கள் பெயரோடு உள்ளன. விருத்தகிரி, அதாவது இன்றைய கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்து ஆசாரியோடு அவர் மகன் விசுவமுத்து. திருமருங்கனோடு அவர் தம்பி காரணாச்சாரி. இங்கே வேலைத்தளமே பள்ளிக்கூடமாக இருந்தது என்று கொள்ள இதுவே முதல் சான்று. உறவுமுறை மட்டும் பாடம் நடந்ததைக் காட்டுமா? நியாயமான கேள்விதான். ஆனால் வெவ்வேறு காலத்தில் எழுந்த இக்கோயிலின் நான்கு கோபுரங்களிலும் நாட்டியக் கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கிழக்குக் கோபுரத்தில் அவற்றுக்குரிய சுலோகங்களும் உண்டு. சுலோகம் கையும் காலும் நிற்கும் நிலையைச் சொல்லும். அந்த வளைவைக் கருங்கல்லில் கொண்டுவரும் வழியைச் சொல்லாது. முன்னோர் சிற்பத்தைப் பார்த்தே செய்திருக்கலாமே என்றால், பார்த்தால் வடிவம் பிடிபடும்; எந்த அடியில் கல் தெறிக்கும் என்பதை உளி பிடித்தவர்தான் காட்டித்தர வேண்டும்.