ரத்தக்குழாயில் எலும்பா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிளைட் ஷீல்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். போயிங் விமானத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட் வேலை. 1960-இல் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. அந்தக் காலத்தில் அப்படி ஆனால் பிழைக்க வழியில்லை.

டயாலிசிஸ் இயந்திரம் அப்போதே இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டும். பிறகு அந்தக் குழாய் உதவாது. சில தடவைகளுக்குப் பின் திறக்க இடமே இருக்காது. டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கையில் ஒரு தமனியிலும் ஒரு சிரையிலும் டெஃப்லான் குழாய்களைப் பொருத்தி, டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் இரண்டையும் வளைந்த ஒரு துண்டால் இணைத்துவிட்டார். நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான்! ரத்தமும் அதில் எளிதில் உறைந்து ஒட்டாது. ஷீல்ட்ஸ் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1971-இல் அவர் இறந்தது மாரடைப்பால்.

சிறுநீரக நோயாளிக்கு மாரடைப்பு வந்தது தற்செயலா? இல்லை. அதே ஊர் டாக்டர்கள், டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த 39 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இவர்களுக்கு ரத்தக்குழாய்கள் சீக்கிரமாகவே கெட்டுவிடுகின்றன என்பதுதான் அதன் சாரம்.

சிறுநீரகம் இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கம் இருக்கிறது. இதயம் நெஞ்சில். அங்கே கெட்டால் இங்கே ஏன் அடைக்கிறது?

இதயத்துக்குள் எப்போதும் ரத்தம் நிறைந்திருக்கும். ஆனாலும் தன் தசைக்கு வேண்டிய ரத்தத்தை அது அங்கிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. கரோனரி தமனிகள் என்ற தனிக் குழாய்கள் வழியாகத்தான் வர வேண்டும். அவை எவ்வளவு அகலம் என்று தெரிய வேண்டுமா? ஸ்கேலை எடுத்து 3, 4 மில்லிமீட்டர் கோடுகளைப் பாருங்கள். அவ்வளவுதான். அதற்குள் கொழுப்பு படிந்தால் ரத்தம் போகும் வழி குறுகும். இது யாருக்கும் வரலாம்.

சிறுநீரக நோயாளிகளுக்கு இதோடு இன்னொன்றும் நடக்கிறது. பால், பருப்பு, இறைச்சி என்று நாம் சாப்பிடுவதில் பாஸ்பரஸ் இருக்கிறது. தேவைக்கு மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானால் அது ரத்தத்திலேயே தேங்கும். அப்போது ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசை செல்கள் தங்கள் வேலையை மறந்து, எலும்பு கட்டும் செல்களைப்போல நடந்துகொள்ள ஆரம்பிக்கின்றன! சுவரில் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து இறுகுகின்றன. எலும்பில் இருக்கும் அதே தாதுதான். சிறுநீரகத்தை வெறும் வடிகட்டி என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறோம், அது அநியாயம். உடலின் தாதுக் கணக்கைப் பார்ப்பதும் அதுதான்.

குழாய் இறுகினால் என்ன கெடுதல்? இதயம் சுருங்கும்போது பெருந்தமனி பலூன்போல விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். இதயம் தளரும் நேரத்தில் அது திரும்பச் சுருங்கி, ரத்தத்தைக் கரோனரி தமனிகளுக்குள் தள்ளும். பெருந்தமனி விறைத்துப்போனால் இந்தத் தள்ளல் குறைந்துவிடும். ஒரு பக்கம் குறுகிய குழாய், இன்னொரு பக்கம் குறைந்த அழுத்தம். போதாததற்கு ரத்தக்கொதிப்பும் ரத்தசோகையும் சேர்ந்து இதயத்தைக் கூடுதலாக வேலை வாங்கும். இவ்வளவும் நடந்தும் சிலருக்கு நெஞ்சுவலியே வராது. மூச்சு மட்டும் வாங்கும்.

டயாலிசிஸ் பாஸ்பரஸை எடுக்காதா? எடுக்கும், ஆனால் போதாது. ஒரு கணக்குப் போடுங்கள்: வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அத்தனை மணியும் வேலை செய்கிறது. டயாலிசிஸ் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம். மொத்தம் 12. அதிலும், பாஸ்பரஸ் பெரும்பாலும் எலும்பிலும் செல்களுக்குள்ளும் ஒளிந்திருக்கும். ரத்தத்துக்கு மெதுவாகத்தான் வரும்.

அதனால் டாக்டர்கள் அதை வாசலிலேயே மடக்கப் பார்க்கிறார்கள். சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டிய மாத்திரைகள் இருக்கின்றன. வெறும் வயிற்றில் போட்டால் இந்த வேலைக்கு உதவாது. குடலில் உணவோடு கலந்து பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட பாஸ்பரஸ் ரத்தத்துக்குள் நுழையாமல், மறுநாளோ அதற்கடுத்த நாளோ கழிப்பறை வழியாக வெளியே போய்விடும்!