600 டிகிரியில் ஈயம்

ரசம் வைக்கிற ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிட்டு நகர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரியம்மா வீட்டில் பார்த்திருக்கிறேன். வாசலில் கீரைக்காரியிடம் பேசிவிட்டு வருவதற்குள் பாதிச் சொம்பு உருகி, பர்னரைச் சுற்றிப் பளபளவென்று உறைந்து கிடந்தது. சொம்பு காரீயமல்ல, வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் கொதிக்கும்வரைதான் அதற்கு ஆயுசு.

இந்த வெள்ளீயத்தைத்தான் 600 டிகிரி உலைக்குள் பிளாட்டினத்துக்குத் துணையாக அனுப்புகிறார்கள்.

உலைக்குள் போவது புரோப்பேன். நம் சமையல் சிலிண்டரிலும் இருக்கிற வாயுதான். அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை உருவினால் புரோப்பிலீன் என்ற ஆல்க்கீன் கிடைக்கும். பிளாஸ்டிக் நாற்காலி, அரிசிச் சாக்கு, முகக்கவசம் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் அது. ஆனால் அந்த இரண்டு அணுக்கள் லேசில் கழலாது. ஒரு மோலுக்குச் சுமார் 124 கிலோஜூல் வெப்பம் ஊட்ட வேண்டும். அவ்வளவு சூட்டில் புரோப்பேன் கண்ட இடத்தில் முறிந்து மீத்தேனும் எத்திலீனுமாகப் போகப் பார்க்கும். வேண்டிய பிணைப்பை மட்டும் அறுக்கத்தான் பிளாட்டினம் என்கிற வினையூக்கி.

பிளாட்டினத்தின் உருகுநிலை 1768 டிகிரி. அப்புறம் என்ன பயம்? இங்கே அது கட்டியாக இல்லை. அலுமினா மேல் ஒட்டிய நானோமீட்டர் துகள்களாக இருக்கிறது. அந்த அளவில், உருகுவதற்கு வெகு முன்பே அணுக்கள் ஊரத் தொடங்கிவிடும். துகள்கள் கூடிப் பருத்துவிடும், உள்ளே புதைந்த அணுக்கள் வேலைக்கு உதவாது. இன்னொரு தொல்லையும் உண்டு. பிளாட்டின அணுக்கள் கும்பலாக இருக்கும் இடத்தில் புரோப்பிலீன் விலகாமல் ஒட்டிக்கொண்டு, மிச்ச ஹைட்ரஜனையும் பறிகொடுத்துக் கரியாகிவிடும். வெள்ளீயம் நடுநடுவே உட்கார்ந்து கும்பலைக் கலைக்கிறது. எலக்ட்ரானை ஈந்து பிளாட்டினத்தின் பிடியையும் தளர்த்துகிறது. தனியே உருகி ஓடுவது, பிளாட்டினத்தோடு உலோகக்கலவையானால் நின்று பிடிக்கிறது.

அப்படியும் கரி படியும். புரோப்பேனைப் புரோப்பிலீனாக்கும் ஓலிஃபிளெக்ஸ் என்ற தொழில்முறையில், கடுகளவு அலுமினா மணிகள் உலைகள் வழியே மெல்ல இறங்கி வரும். வெளியே கரியை எரித்து, பருத்த பிளாட்டினத்தைக் குளோரின் கொண்டு மறுபடி பரப்பி, மணிகளை மேலே ஏற்றுவார்கள். வேலை நடக்கிறது. ஆனாலும் அரிக்கும் குளோரினை ஒவ்வொரு சுற்றிலும் கையாள்வது யாருக்கும் பிடித்த காரியமல்ல.

நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் அபயா டாட்யே குழு 2016-இல் காட்டிய வழி எனக்கு இன்னும் வியப்புதான். அணுக்கள் ஊராமல் தடுக்கவே அவர்கள் முயலவில்லை. காற்றில் 800 டிகிரிக்குச் சூடேற்றி இன்னும் அலையவிட்டார்கள். பிளாட்டினம் ஆக்ஸைடாகி ஆவியாகப் பறந்தது. பக்கத்தில் காத்திருந்தது சீரியம் ஆக்ஸைடு (மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டில் இருக்கும் அதே சீரியம்). அதன் படி போன்ற விளிம்புகளில் பிளாட்டினம் ஒவ்வோர் அணுவாகச் சிக்கி நின்றது. அடுத்த ஆண்டு இதனுடன் வெள்ளீயத்தையும் சேர்த்தார்கள். புரோப்பேன் வரும்போது அணுக்கள் சிறு கொத்துகளாகக் கூடி வேலை செய்தன. காற்றை விட்டுக் கரியை எரித்ததும் கலைந்து, குளோரின் இல்லாமலே, சீரியம் ஆக்ஸைடின் விளிம்புகளுக்குத் திரும்பிவிட்டன.